வீடிழந்தோரும் கடனேடும்

ஐக்கிய அமெரிக்காவில் 1837ஆம் ஆண்டு நேர்ந்த பொருளாதார நெருக்கடியிலே நொடித்த நியூயோர்க் பட்டு வணிகர் லூவிஸ் தப்பன், 1841இல் புதியதொரு தொழிலைத் தொடங்கினார். கடனை ஒழுங்காகத் தீர்ப்பவர் யார், தீராதவர் யார் என ஊர்தோறும் விசாரித்தெழுதி வணிகர்க்கு விற்பதே அத்தொழில். நொடித்தவரே பிறர் நாணயத்தை நிறுக்கத் தராசு பிடித்தது விந்தைதான்!

நாளடைவில் இவ்வழக்கம் வணிகரைக் கடந்து குடிமக்களின் வாசலுக்கும் வந்தது. குடிப்பழக்கம், இல்லற நிலை, அயலார் வம்பு யாவும் ஏட்டிலேறின. எழுதப்பட்டவர்க்கோ அதனை அறியும் உரிமையில்லை. அடைமானம் மூழ்கி வீட்டையிழந்தவர், மறுபடியும் கடன் கேட்டுக் காரணமறியாமலே திரும்பினார்.

1970ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலுள்ளதை அறியவும், பிழையை மறுக்கவும் வழிசெய்தது. வீடு பறிபோன செய்தி பொதுவாக ஏழாண்டுகளுக்கு மேல் நிலைக்கலாகாதென்றும் வரையறுத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆண்டுக்கொரு பிரதி இலவசமாயிற்று.

2008ஆம் ஆண்டு நெருக்கடியை ஒட்டி இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். கறையை உடனே அழித்துத் தருவதாக அவர்களிடம் பணம் பறித்தோரும் உளர். முன்பணம் பெறுவதை 1996ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஏற்கெனவே விலக்கியிருந்தும்! உண்மையான பதிவைக் காலமன்றி எவரும் அழிக்கவியலாது. பொய்யான பதிவை மறுப்பதற்கோ ஒரு கடிதம் போதும், கட்டணமில்லை.