வலசை வந்த குழந்தையும் தாய்மொழி வழியும்: தென்காசி வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

'வலசை' என்ற சொல்லை இன்று பறவைகளுக்கே விட்டுவிட்டோம். அகராதியோ பகைவர் படைக்கு அஞ்சிக் குடிகள் ஊர்விட்டு ஊர் பெயர்வதையும் அச்சொல்லுக்குப் பொருளாகத் தருகிறது. தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை அச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. இப்போது இவ்வட்டாரத்துக்கு வடமாநிலத்தவர் பிழைப்புத் தேடி வருகிறார்கள். குடும்பத்தோடு வருவோரின் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு 'தமிழ் தெரியவில்லை' என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. அப்பிள்ளைகளுக்குத் தெரிந்த மொழியிலிருந்து தொடங்குவதே தமிழுக்கும் நல்ல வழி. இந்த மண்ணின் மொழிப் போராட்டம் நமக்கு விட்டுச்சென்ற கடமையும் அதுவே.

ஒரே நாளின் இரு தீர்வுகள்

தென்காசியை ஒட்டிய செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு இணைக்கத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போராடியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களோடு செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில்தான். அது சேர்த்த 350ஏ உறுப்பு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்கிறது. எல்லையை எப்படி வகுத்தாலும் சிலர் அக்கரையில் தங்கிவிடுவர். கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு தமிழர்கள் அப்படித் தங்கியவர்களே. அவர்களுக்காக நாம் எடுத்துக்காட்டும் உறுப்பை ஓர் ஒடியாக் குழந்தைக்கு மறுக்க நியாயமில்லை.

நிலையாகக் குடியிருப்போருக்கே அது பொருந்தும் என்று சிலர் வாதிடலாம். அவ்வுறுப்பில் குடியிருப்புக் கால வரம்பு எதுவும் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், புலம்பெயர்ந்த குடும்பத்துக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பிடம் தருகிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது. இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்றும் சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழை ஒரு பாடமாகக் கட்டாயமாக்கியது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை: தமிழ் சேரவேண்டிய இடம், தாய்மொழி அதற்குப் போகும் பாதை.

வகுப்பறையில்

பீகாரில் இரண்டாம் வகுப்பு முடித்த சிறுமி 'பாம்பு' என்று எழுதுவதாகக் கொள்வோம். முதலில் வருவதும் கடைசியில் வருவதும் அவள் காதில் வேறுவேறு ஒலிகள். இந்தியில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்துகள். தமிழில் இரண்டுக்கும் பகரம் ஒன்றே. அவள் தயங்குவது அறியாமையால் அல்ல, முன்பே ஒழுங்காகக் கற்றிருப்பதால். வல்லினம் சொல்லின் முதலில் ஒலிப்பின்றியும் மெல்லினத்தை அடுத்து ஒலிப்போடும் வரும் என்று ஆசிரியர் ஒருமுறை எடுத்துச் சொன்னால் போதும். தமிழ்ப் பிள்ளைகள் காதாலேயே பழகிய விதியை அவர்களும் அன்றுதான் தெரிந்துகொள்வார்கள். இந்தியின் 'ஹம்' தமிழில் 'நாம்', 'நாங்கள்' என இரண்டாகப் பிரிவதும் அப்படியே. பண்பாட்டிடைக் கல்வி என்பது கலைவிழாவில் வடநாட்டு நடனம் ஆடவைப்பது அன்று. இத்தகைய ஒப்பீடுகளில் இரு தரப்பும் கற்பது.

இரு முன்மாதிரிகள்

திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடியாத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஒடியா பாடநூல்களைக் கொண்டே வகுப்புகள் நடந்தன. சூளை வேலை மழைக்கு முன் முடிந்து குடும்பங்கள் ஊர் திரும்பும் என்பதால் அது பொருத்தமான ஏற்பாடு. கேரளத்தின் எர்ணாகுளத்தில் 2017இல் தொடங்கிய ரோஷ்னி திட்டமோ பள்ளி நேரத்துக்கு முன்பு, குழந்தையின் மொழியறிந்த தன்னார்வலர்களைக் கொண்டு, அம்மொழியையும் மலையாளத்தையும் கலந்து கற்பித்தது. தங்கிவிடும் குடும்பங்களுக்கு ஏற்றது அது. முன்னதைத் தங்குவோர்மீது சுமத்தினால் பிள்ளைகள் ஊரோடு ஒட்டாமல் போவார்கள். பின்னதைப் பருவத்துக்கு மட்டும் வருவோர்மீது சுமத்தினால் சொந்த ஊர்ப் பள்ளியில் பின்தங்குவார்கள்.

முடிவுரை

ஆகவே எல்லாருக்கும் ஒரே திட்டம் என்பது பயன்தராது. சேர்க்கையின்போதே மூன்று கேள்விகள் கேட்டுப் பதியவேண்டும்: வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், குழந்தை எந்த எழுத்தை வாசிக்கும், குடும்பம் எத்தனை மாதம் தங்கும். விடைகளைப் பொறுத்தே எந்த வழி என்பதை முடிவுசெய்ய வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தலைமையாசிரியரின் மேசையில் ஒரு படிவமும், அதை நிரப்பப் பெற்றோரின் மொழி தெரிந்த ஒருவரும் போதும்.