நோய்க்குக் காவல் யார்மீது? லாக் ஆஸ்பத்திரி முதல் விஜிலென்ஸ் ஹோம் வரை



எச்.ஐ.வி. பற்றிப் பேச்செடுத்தால் ‘ஆபத்தான நடத்தை’ என்ற சொல்தான் முதலில் வந்து நிற்கிறது. யாருடைய நடத்தை? அதை ஆபத்து என்று எழுதியது யார்? எழுதிய பிறகு யாரைப் பிடித்து அடைத்தார்கள்? இந்தக் கேள்விகளை வரலாற்றிடம் கேட்க வேண்டும். பூந்தமல்லியில் நின்று கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது.

வெள்ளையர் ஆட்சியில் பூந்தமல்லி ஒரு பட்டாள ஊர். கண்டோன்மென்ட்டுக்கு நம் மக்கள் வரலாற்றில் இரண்டு முகங்கள் உண்டு. பண்ணையடிமை வேலையிலிருந்து வெளியேற அது ஒரு வழியைத் திறந்தது. சமையல்காரராக, பட்லராக, குதிரைக்காரராகக் கூலி கிடைத்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கிடைத்தது. எம்.சி.ராஜா பிறந்த பரங்கிமலையும் அப்படிப்பட்ட பட்டாள ஊர்தான். ஆனால் அதே கண்டோன்மென்ட், ஏழைப் பெண்களுக்கு வேறொன்றை வைத்திருந்தது.

பட்டாளத்தாரிடம் மேகநோய் பரவியபோது, அரசு பெண்களைப் பதிவேட்டில் எழுதியது. 1864-இன் கண்டோன்மென்ட் சட்டமும் 1868-இன் தொற்றுநோய்கள் சட்டமும் அதற்குக் கருவிகள். பதிவான பெண் குறித்த நாளில் பரிசோதனைக்கு வர வேண்டும், வராவிட்டால் தண்டனை. நோய் இருந்தால் குணமாகும்வரை ‘லாக் ஆஸ்பத்திரி’யில் அடைப்பார்கள். அவளிடம் வந்துபோன சிப்பாய்க்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆங்கிலேயப் படைவீரரை அப்படிச் சோதிப்பது அவருடைய மானத்துக்கு இழுக்கு என்று கருதினார்கள். பெண்ணின் மானம் கணக்கில் வரவேயில்லை.

1876–78 தாது வருசப் பஞ்சத்தில் சென்னை லாக் ஆஸ்பத்திரியில் நடந்ததை வரலாற்றாய்வாளர் சாரா ஹோட்ஜஸ் எழுதியிருக்கிறார். வெளியே சோறில்லாததால், உள்ளே கிடைக்கும் உணவுக்காகப் பெண்கள் தாமாகவே அங்கே வந்தார்கள். ‘நடத்தை’ என்று அரசு எழுதிவைத்ததற்கு அடியில் பசி இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் போன்றோர் நடத்திய போராட்டத்தால் 1886-இல் அங்கே இச்சட்டங்கள் நீக்கப்பட்டன. இந்தியாவில் தொற்றுநோய்கள் சட்டம் 1888-இல் போனது.

ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 1986-இல், அதே சென்னை. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் அதற்கென்று தனித் தெரு இல்லாததால், போலீசார் பிடித்து அடைத்திருந்த பெண்களைத் தேடி மயிலாப்பூர் விஜிலென்ஸ் ஹோமுக்குப் போனார். எந்த நோய்க்கான பரிசோதனை என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு பேரிடம் கிருமி இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக உறுதியானது இப்படித்தான். இரு மருத்துவர்களின் உழைப்பும் துணிச்சலும் மதிக்கத்தக்கவை. அவர்கள் பெயர் வரலாற்றில் நின்றது. அந்த ஆறு பெண்கள் வெறும் எண்ணிக்கையாக நின்றுபோனார்கள்.

கிருமி கண்டுபிடிக்கப்பட்டதும் பழைய லாக் ஆஸ்பத்திரி புத்தி திரும்பியது. கிருமி இருந்த பெண்கள், தண்டனைக் காலம் முடிந்தும் விடுவிக்கப்படாமல் ஹோமிலேயே வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்தார். 1990-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால்தான் அவர்கள் வெளியே வந்தார்கள். கோவாவில் 1989-இல் டொமினிக் டிசோசா 64 நாள் அடைத்துவைக்கப்பட்டதும் இதே மனநிலையால்தான்.

இப்போது நம் சாலைக்கு வருவோம். பூந்தமல்லி வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலை போகிறது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் திருப்பெரும்புதூரிலும் தொழிற்சாலைகள். லாரி ஓட்டுநர், கிளீனர், கட்டடத் தொழிலாளி, வெளிமாநிலத்திலிருந்து வந்து ஷெட்டில் தங்குபவர் என்று குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் வாழ்பவர்கள் இங்கே ஏராளம். பாலியல் தொழிலாளர்கள், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், ஊசிவழி போதை எடுப்பவர்கள் ஆகியோரை ‘அதிக ஆபத்துள்ள குழுக்கள்’ என்றும், லாரிக்காரர்களையும் புலம்பெயர் தொழிலாளர்களையும் ‘பாலமாக அமையும் மக்கள்’ என்றும் அரசுத் திட்டம் வகைப்படுத்துகிறது. சேவையை எங்கே கொண்டுசேர்ப்பது என்று முடிவெடுக்க அந்தப் பட்டியல் பயன்படும். அதையே மனிதர்களின் குணமாக வாசித்தால் ஆபத்து.

ஏனென்றால் ஆபத்து சூழலில் இருக்கிறது. பையில் ஆணுறை இருந்தால் போலீஸ் அதையே சாட்சியாக்கும் என்று பயப்படும் பெண் அதை வைத்துக்கொள்ள மாட்டாள். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநங்கைக்கு வேலை தர ஆளில்லாதபோது எஞ்சும் வழி எது? இன்னொன்றையும் கவனியுங்கள். சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த கிருமியுள்ள பெண்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு உறவே இல்லாதவர்கள். அவர்களுடைய ‘ஆபத்தான நடத்தை’ கல்யாணம் ஒன்றுதான். அப்படிப்பட்ட பெண்கள் சேர்ந்து 1998-இல் சென்னையில் கௌசல்யா முன்னின்று பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். நோயாளி என்ற இடத்திலிருந்து உரிமை கேட்பவர் என்ற இடத்துக்கு அவர்கள் நகர்ந்தது நாம் படிக்க வேண்டிய இயக்க வரலாறு.

நம் இயக்கத்துக்குள் ஒரு விவாதம் இருப்பதையும் மறைக்கக் கூடாது. 1936-இல் பம்பாயில் பேசிய அம்பேத்கர், காமாட்டிபுரத்துப் பெண்கள் அந்தத் தொழிலை விட்டு வெளியே வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சாதி நம் பெண்களின் உடல்மீது சுமத்திய தொழிலிலிருந்து விடுதலை என்பது அவர் பார்வை. இதைத் தொழிலாக ஏற்று உரிமை கொடுங்கள் என்பது இன்றைய பாலியல் தொழிலாளர் அமைப்புகளின் பார்வை. இந்த வாதம் தொடரட்டும். ஆனால் அம்பேத்கர் அந்தப் பெண்களை அடைத்துவைக்கச் சொல்லவில்லை. அவர்களிடம் நேரில் பேசினார், முடிவை அவர்களிடமே விட்டார். ‘காப்பாற்றுகிறோம்’ என்று சொல்லிப் பூட்டுவதை இரு தரப்பும் எதிர்க்க முடியும், எதிர்க்க வேண்டும்.

பூட்டு நோயைத் தடுக்கவில்லை. அந்தந்த மக்களிலிருந்தே வந்த களப்பணியாளர்களும், கேள்வி கேட்காமல் கிடைத்த ஆணுறையும் சிகிச்சையும்தான் தடுத்தன. 1928-இல் காசநோய்க்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், மற்ற ஆஸ்பத்திரிகள் கதவடைத்த காலத்தில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் படுக்கை கொடுத்தது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கிய முதல் மையங்களில் அதுவும் ஒன்று. மருந்தைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், அவரிடமிருந்து உடலுறவின் வழியே அது பரவாது என்பது இன்று நிரூபணமான உண்மை.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், சம்மதமில்லாமல் பரிசோதிப்பதையும், வேலையிலும் பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் பாகுபாடு காட்டுவதையும் தடைசெய்கிறது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடங்களில் புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது. மாநில அளவில் குறைதீர்ப்பாளர் வேண்டும் என்கிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் எத்தனை கம்பெனிகளில் அந்த அலுவலரின் பெயர் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது? தொழிற்சங்கத் தோழர்கள் வாயிலிலேயே கேளுங்கள். மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். வரும் பதிலை இந்த அரங்கின் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.