அமெரிக்க வருவாய்த் துறை: நிதி ஒதுக்கீட்டுச் சர்ச்சை

ஐ.ஆர்.எஸ். எனப்படும் அமெரிக்க உள்நாட்டு வருவாய்த் துறை, உள்நாட்டுப் போரின் செலவுக்காக 1862இல் லிங்கன் ஆட்சியில் அமைந்த வருவாய் ஆணையர் அலுவலகத்திலிருந்து வளர்ந்தது. 1913இல் 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வருமான வரிக்கு உறுதியான அடித்தளம் தந்தது. இன்றைய பெயர் 1953இல் வந்தது.

1997–98இல் செனட் நிதிக் குழுவின் விசாரணையில் அதிகாரிகளின் கெடுபிடி பற்றிப் புகார்கள் குவிந்தன. அவற்றில் சில பின்னர் மெய்ப்பிக்கப்படவில்லை என்பர். ஆயினும் 1998ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்துக்கு அவையே வழிவகுத்தன.

2010இல் சுமார் 1,200 கோடி டாலராக இருந்த ஆண்டு ஒதுக்கீடு அதன்பின் சரிந்தது. விலைவாசி உயர்வையும் கணக்கில் கொண்டால் 2018க்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. பெயரில் ‘டீ பார்ட்டி’ போன்ற சொற்கள் இருந்த வலதுசாரி அமைப்புகளின் வரிவிலக்கு மனுக்கள் தனியே பிரித்துத் துருவப்பட்டது 2013இல் வெளிவந்ததும் குடியரசுக் கட்சியினரின் எதிர்ப்பு வலுத்தது. இடதுசாரிச் சார்புள்ள அமைப்புகளும் அவ்வாறே துருவப்பட்டதை 2017 தணிக்கை அறிக்கை காட்டியது. அரசியல் உள்நோக்கம் இருந்ததா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

நிதி வெட்டின் சுமை ஊழியர்மீதும் மக்கள்மீதும் விழுந்தது. தனிநபர் கணக்குகளின் மூலக்கோப்பு 1960களில் உருவான கணினி அமைப்பிலேயே ஓடியது. காகிதப் படிவங்களில் இருந்த எண்களை ஊழியர்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பதிந்தனர். கொரோனாவுக்குப் பின் டெக்சாஸின் ஆஸ்டின் மையத்தில் வேறு இடமின்றி உணவுக்கூடத்தையே படிவக் கட்டுகள் நிறைத்தன. 2021 நிதியாண்டில் வந்த சுமார் 28 கோடித் தொலைபேசி அழைப்புகளில் ஊழியர் எடுத்துப் பேசியவை 3.2 கோடி மட்டுமே. வசூலாகாத வரி ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி டாலரை எட்டலாம் என அவ்வாண்டு ஆணையர் சார்ல்ஸ் ரெட்டிக் செனட்டில் கூறினார். துறையின் முந்தைய மதிப்பீடு அதில் பாதிக்கும் குறைவு.

2022 ஆகஸ்ட் 16இல் அதிபர் பைடன் கையெழுத்திட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டம் பத்தாண்டுக்குக் கூடுதலாக ஏறத்தாழ 8,000 கோடி டாலர் வழங்கியது. அமலாக்கத்துக்கு 4,560 கோடி. மக்கள் சேவைக்கு 320 கோடிதான். 87,000 புதிய அதிகாரிகள் வீடு தேடி வருவார்கள் என்று எதிர்த்தரப்பு பிரசாரம் செய்தது. அந்த எண் கருவூலத் துறையின் 2021 அறிக்கையிலிருந்து வந்தது. ஓய்வுபெறுவோரின் இடத்தை நிரப்புவோர், தொலைபேசி ஊழியர், கணினிப் பணியாளர் ஆகியோரும் அதில் அடக்கம். இத்தொகை செலவைவிடக் கூடுதல் வரியைக் கொண்டுவரும் என்றே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் கணித்தது. எவ்வளவு என்பதில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன.

2023இல் அரசின் கடன் உச்சவரம்பு உடன்பாட்டை ஒட்டி இந்தக் கூடுதல் நிதியில் சுமார் 2,000 கோடி டாலரைத் திரும்பப் பெற இசைவு ஏற்பட்டது. 2025இல் டிரம்ப் ஆட்சியில் ஊழியர் எண்ணிக்கை சில மாதங்களிலேயே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது.