பாசியைச் சுரண்டிய கைகள்

கடல்நீர் மீன்தொட்டியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கண்ணாடியையும் மீனையும் பற்றியே எழுதினர். அதனைப் பாசியின் வரலாறாகவும், பாசியோடு மல்லுக்கட்டிய மனிதரின் உழைப்பின் வரலாறாகவும் வாசிக்க முடியும் என்பதே இப்பதிவின் கருத்து.

மாட்டுங்காவில் தங்கிப் படித்த நாள்களில், தாராவியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் அலுவலகங்களில் உள்ள கடல்நீர்த் தொட்டிகளைத் தூய்மை செய்யும் வேலையில் இருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு தலைமுறை தாண்டிய குடும்பம். ஒருநாள் அவருடன் சென்றேன். பாறைகளின் மேல் தலைமயிர் போலப் பச்சைப்பாசி படர்ந்திருந்தது. கண்ணாடியை வழித்து முடித்தவர், "கண்ணாடியில இருக்கிறத நான் சொரண்டிருவேன் அண்ணே. தண்ணிக்குள்ள இருக்கிறத யாரு சொரண்டுவா?" என்றார். பின்னர் நான் வாசித்த வரலாறு முழுவதும் அந்தக் கேள்விக்கான விடை தேடலாகவே எனக்குத் தோன்றியது.

1846இல் அன்னா தைன் என்னும் ஆங்கிலப் பெண்மணி கடலோரத்தில் சேகரித்த பவள உயிரிகளை இலண்டனில் உள்ள தம் வீட்டில் உயிரோடு வைத்திருந்தார். நீரில் உயிர்வளி குறையாதிருக்க, திறந்த சன்னலருகே நின்று நாள்தோறும் அரைமணி நேரத்துக்கும் மேலாக அதனை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தவர் அவ்வீட்டுப் பணிப்பெண். மறு ஆண்டு தைன் கடற்பாசிகளை நீரில் இட்டார். பணிப்பெண்ணின் கைகள் செய்த வேலையில் ஒரு பங்கைப் பாசி ஏற்றது. தைனின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. அப்பணிப்பெண்ணைப் பற்றிப் பேசுவோர் அரிது.

1850இல் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலர் நன்னீரில் மீன், நீர்த்தாவரம், நத்தை மூன்றையும் சேர்த்து வளர்த்துக் காட்டினார். அழுகும் இலையையும் படரும் பாசியையும் நத்தை தின்ன வேண்டும் என்பதே அவர் கண்ட திறவுகோல். இதையே கடல்நீரிலும் செய்தபோது, உயிர்வளி தரும் பச்சைப்பாசியை வேண்டி வைத்தார். வேண்டாத பாசியைத் தின்னக் கடல் நத்தைகளை விட்டார். 1853இல் இலண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் முதல் பொதுக் காட்சியகம் திறக்கப்பட்டது. 1871இல் கிரிஸ்டல் பேலஸ் காட்சியகத்தை அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட் வேறொரு வழி கண்டார். காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தைக் கீழே இருட்டில் அமைத்து, நீரை இடைவிடாது சுழலவிட்டார். ஒளியில்லாத இடத்தில் பாசி தழைப்பதில்லை. ஆக, பாசியை வேலைக்கு அமர்த்துவது, பாசியைப் பட்டினி போடுவது என இரண்டு மரபுகள் அப்போதே உருவாகிவிட்டன.

இந்தியாவில் 1909இல் சென்னைக் கடற்கரையில் திறக்கப்பட்ட மீன் காட்சியகம் போர்க்காலத்தில், 1942இல் மூடப்பட்டது. மும்பை மெரைன் டிரைவில் தாராபொர்வாலா காட்சியகத்தை 1951இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் திறந்துவைத்தார். எட்டு இலட்ச ரூபாய்ச் செலவில் இரண்டு இலட்சத்தைப் பார்சிக் கொடையாளர் தாராபொர்வாலா வழங்கியிருந்தார். கடல்நீர் குழாய் வழியே உள்ளே வந்தது. 2015இல் புதுப்பித்தபோது பன்னிரண்டடி நீள அக்ரிலிக் சுரங்கமும் அமைந்தது. அக்ரிலிக் கண்ணாடியைப் போன்றதன்று. உலோகத் தகட்டால் பாசியைச் சுரண்டினால் கீறல் விழும். புதுப்பொருள் வந்தபோதும் கைவேலை ஒழியவில்லை. அது இன்னும் நுணுக்கமாயிற்று.

கடலோரத்தில் இருப்பது வசதிதான்; எனினும் கடல் எதைக் கொண்டுவருகிறதோ அதுவும் தொட்டிக்குள் வரும். மீன்கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் தோன்றும் அம்மோனியாவை நுண்ணுயிரிகள் முதலில் நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு உரம். புதுத் தொட்டியில் முதலில் படியும் பழுப்பு நிறப் படலம் நீரிலுள்ள சிலிக்காவை உண்ணும் டயாட்டம்களால் ஆனது. பச்சை இழைப்பாசி பெரும்பாலும் பின்னர் வருகிறது. நண்பர் கேட்ட "தண்ணிக்குள்ள இருக்கிறது" இதுவே.

இருபதாம் நூற்றாண்டில் முதல் மரபு மீண்டும் தலைதூக்கியது. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பவளப்பாறைத் துண்டுகளையும் காற்றுக்குமிழியையும் மட்டுமே கொண்டு கடல்மீன் வளர்த்த முறையை எழுதினார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி, நீரோட்டமும் ஒளியும் உள்ள தனித்தட்டில் பாசியை வேண்டுமென்றே வளர்த்து அவ்வப்போது அறுவடை செய்தார். அறுத்தெடுத்த பாசியோடு நைட்ரேட்டும் வெளியேறியது. நண்பரின் கேள்விக்கு விடை அங்கிருந்தது: தண்ணீருக்குள் இருப்பதைச் சுரண்டுவதும் பாசியே, அதை வளர்க்க ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.

இது தமிழருக்குப் புதிய செய்தியன்று. மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் மூழ்கி எடுத்துவரும் பெண்களுக்குப் பாசி சோறிடும் பயிர். அதே சொல், இடம் மாறியதும் அழுக்கின் பெயராகிறது. எது களை, எது பயிர் என்பதை உயிரியல் மட்டும் தீர்மானிப்பதில்லை; யாருடைய கையில், யாருடைய தேவைக்கு என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

நண்பரின் தெருவிலிருந்து சற்று நடந்தால் மித்தி ஆறு. விகார், பவாய் ஏரிகளின் மிகைநீரோடு தொடங்கி, குர்லா வழியே நகரின் கழிவையெல்லாம் சுமந்து, தாராவியின் ஓரமாக மாகிம் கழிமுகத்தை அடைகிறது. தொட்டியில் நடப்பதே அங்கும் நடக்கிறது. உரம் மிகுந்த நீரின் பாரத்தை யாரோ சுமக்க வேண்டும். தாராவிக்காரர் அலுவலகத் தொட்டியின் பாரத்தைக் கூலிக்குச் சுமந்தார். வீடு திரும்பினால் நகரத்தின் பாரத்தைக் கூலியின்றிச் சுமந்தார்.

சூழலியல் வரலாறு பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காட்சியகங்களின் ஆவணங்களைப் படிக்கும்போது, திறப்பு விழாக் கல்வெட்டோடு நின்றுவிடாதீர்கள். சம்பளப் பட்டியல்களையும் பராமரிப்புக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி தெளிவாக இருந்த ஒவ்வொரு நாளும் யாரோ அதைத் துடைத்திருக்கிறார்கள்.