மின்கலம் வீடு திரும்பிய வரலாறு

மின்சாரம் நின்ற இரவிலும் தொலைபேசி பேசும் என்பது நம்மிற் பலருடைய நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வாறு பிறந்தது, இன்றும் அது பொருந்துமா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1876-இல் அலெக்சாந்தர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். 1882-இல் சென்னையிலும், 1891-இல் கோலாலம்பூரிலும் தொலைபேசி நிலையங்கள் தோன்றின. அக்காலக் கருவி கைப்பிடியைச் சுழற்றி மணியடிப்பது; பேச்சுக்கு வேண்டிய மின்கலம் வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது. மின்கலம் தளர்ந்தால் குரலும் தேய்ந்தது.

1890-களில் அமெரிக்காவில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. வீடுதோறும் இருந்த மின்கலத்தை நீக்கி, நிலையத்தில் ஒரு பொது மின்கல அடுக்கை வைத்தனர். பிற்காலத்தில் 48 வோல்ட் என்பதே பெருவழக்காயிற்று. பேச்சைச் சுமந்த செப்புக் கம்பியே மின்சாரத்தையும் வீட்டுக்குக் கொணர்ந்தது. மின்தடை நேர்ந்தால் நிலையத்து மின்கலமும் டீசல் மின்னாக்கியும் கைகொடுக்கும். 1996 ஆகஸ்டு 3 மாலை தீபகற்ப மலேசியா இருளில் மூழ்கியபோதும், கம்பியில் இணைந்த எளிய தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் வேண்டியிருக்கவில்லை. நம்பிக்கையின் வேர் இதுவே.

2010-இல் யூனிஃபை சேவை தொடங்கியது. ஒளியிழை நம் வீடுகளை எட்டலாயிற்று. கண்ணாடி இழை ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலின் ஒளியைக் குறியாக மாற்றும் பெட்டிக்கும், இணைய வழிகாட்டிக்கும் வீட்டு மின்சாரமே உயிர். அது நின்றால் இணையத் தொலைபேசியும் ஊமையாகும். மின்கலத்தைக் காக்கும் பொறுப்பு வீட்டுக்கே திரும்பிவிட்டது. திரும்பியதை நாம்தான் அறியவில்லை.

பிறநாட்டார் இதனை உணர்ந்தனர். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2015-இல், 8 மணி நேரத்துக்குரிய காப்பு மின்சாரத்தை வாடிக்கையாளர் விரும்பினால் விற்க வேண்டுமென நிறுவனங்களுக்கு விதித்தது. பின்னர் 24 மணி நேரத்துக்கும் வழி செய்யப் பணித்தது. பிரிட்டனின் ஆஃப்காம் 2018-இல், இணையத் தொலைபேசியையே நம்பியிருப்போர்க்குக் குறைந்தது 1 மணி நேரமேனும் வேண்டுமென்றது.

கணக்கும் எளிதே. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் 84 வாட்டு-மணி தரும். இரு பெட்டிகளும் 14 வாட்டு உண்டால் 6 மணி நேரம். இடையில் நேரும் இழப்பையும் மின்கலத்தின் முதுமையையும் கருதினால் அதனினும் குறையும்.

கைப்பேசி உண்டே எனலாம். அதன் கோபுரமும் வரையறையுள்ள மின்கலத்தையே நம்பி நிற்கிறது.

பெடாஸ் போன்ற தோட்டப்புறங்களில் இது வெறும் ஏட்டாராய்ச்சி அன்று. மரத்தைச் சாய்க்கும் புயல்மழையே மின்கம்பியை அறுக்கிறது; அதே வேளையில்தான் 999-ஐ அழைக்கவும் நேர்கிறது. ஆதலின் ஒளியிழைத் தொலைபேசியுள்ள பள்ளி அலுவலகம் ஒவ்வொன்றிலும் யு.பி.எஸ். ஒன்று இருத்தல் வேண்டும். திங்கள்தோறும் ஒருமுறை மின்செருகியைப் பிடுங்கி, தொலைபேசி எவ்வளவு நேரம் பேசுகிறதென மாணவரைக் கொண்டே குறிக்கச் செய்யலாம். அஃது அறிவியற் பாடமுமாகும். ஓர் உயிரைக் காக்கும் முன்னேற்பாடுமாகும்.