ஸ்பெர்லோங்கா

ஸ்பெர்லோங்கா இத்தாலியின் லாசியோ மண்டலத்தில், ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையே திர்ரேனியக் கடலோரம் அமைந்த சிற்றூர். மக்கள்தொகை ஏறத்தாழ 3,000. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேட்டின் மீது வெள்ளையடித்த வீடுகள் நெருங்கி நிற்க, மேட்டின் இருபுறமும் மணற்கரை விரிகிறது. ஓய்வு நாடி மனிதர்கள் இங்கே வரத் தொடங்கி இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இடையில் பல நூற்றாண்டுகள் அந்த வரவு அடியோடு நின்றுபோயிருந்தது.

பேரரசரின் குகை

கி.மு. 184இல் ரோமின் சென்சார் என்னும் உயர் அதிகாரியாக இருந்த லூசியஸ் வலேரியஸ் ஃபிளாக்கஸ் இக்கரையோரமாக ஒரு சாலை அமைத்தார். பின்னர் ரோமானியச் செல்வர்கள் இப்பகுதியில் கடலோர மாளிகைகள் எழுப்பினர். அவற்றுள் புகழ்பெற்றது பேரரசர் திபேரியஸ் தங்கிய மாளிகை. ஊருக்குத் தென்கிழக்கே, கடற்கரையின் மறுகோடியில் உள்ள இயற்கைக் குகையை அதன் விருந்துக்கூடமாக மாற்றியிருந்தனர். குகைக்குள் வட்டக் குளம். வாயிலுக்கு வெளியே நீள்சதுரக் குளம். அதன் நடுவே செயற்கைத் தீவு. விருந்தினர் அத்தீவில் சாய்ந்தபடி உணவருந்திக்கொண்டே குகைக்குள் நிற்கும் சிற்பங்களைப் பார்ப்பார்கள். குளத்தில் மீன் வளர்த்தனர். மீன்கள் ஒதுங்குவதற்காகச் சுவர்களில் மண்சாடிகளைக் கிடையாகப் பதித்திருந்ததை இன்றும் காணலாம்.

கி.பி. 26இல் இங்கு விருந்து நடந்துகொண்டிருந்தபோது குகை வாயிலில் பாறைகள் சரிந்து பணியாளர் சிலர் நசுங்கி இறந்தனர். மெய்க்காவல் படைத் தலைவர் செஜானஸ் பேரரசர் மேல் கவிந்து தம் உடலாலேயே அவரைக் காத்தார் என வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அன்று முதல் செஜானஸின் செல்வாக்கு பெருகியது. ஆயினும் கி.பி. 31இல் அதே பேரரசரின் சினத்துக்கு ஆளாகி அவர் கொல்லப்பட்டார்.

கோட்டையான குன்று

பேரரசு தளர்ந்தபின் கடற்கரை பாதுகாப்பற்றதாகிவிட, மக்கள் பாறைமேட்டில் குடியேறினர். இன்று பயணிகள் வியந்து பார்க்கும் ஊரமைப்பு அந்த அச்சத்தில் பிறந்ததே. வீட்டோடு வீடு ஒட்டி வெளிச்சுவர்களே அரணாகின. சந்துகள் படிக்கட்டுகளாக வளைந்து வளைவு வாயில்களுக்குள் புகுந்து மறைகின்றன. 1532இல் முனையில் த்ருல்யா காவற்கோபுரம் எழுந்தது. இரண்டே ஆண்டுகளில், ஒட்டோமான் கடற்படைத் தலைவர் பார்பரோசா ஹைருதீன் ஊரைச் சூறையாடியபோது அது வீழ்ந்தது. அண்டை நகரமான ஃபோந்தியில் வாழ்ந்த ஜூலியா கோன்சாகா சீமாட்டியைக் கவர்ந்து செல்வதே அந்தப் படையெடுப்பின் நோக்கம் என்பர்; ஆனால் அவர் தப்பிவிட்டார். கோபுரம் மீண்டும் கட்டப்பட்டு, மீண்டும் தாக்குண்டு, பின்னர் சீரமைக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. அடுத்த நூற்றாண்டுகளில் ஸ்பெர்லோங்கா மீன்பிடியும் வேளாண்மையும் செய்து பிழைத்த எளிய ஊராகவே இருந்தது.

சாலையும் சிற்பங்களும்

1957இல் தெர்ராச்சீனாவையும் கயேத்தாவையும் இணைக்கும் புதிய கரையோரச் சாலைப் பணி நடந்தபோது குகையில் அகழாய்வு தொடங்கியது. ஆயிரக்கணக்கான பளிங்குத் துண்டுகள் கிடைத்தன. ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸின் கண்ணில் கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸும் தோழர்களும் கூர்ந்த மரத்தடியைப் பாய்ச்சும் காட்சி, கப்பலைத் தாக்கும் ஸ்கில்லா என்னும் கடல் அரக்கி எனப் பெருஞ்சிற்பத் தொகுதிகள் அவற்றிலிருந்து அடையாளம் காணப்பட்டன. ஸ்கில்லா தொகுதியில் ரோட்ஸ் தீவுச் சிற்பிகளான அகெசாந்தர், அதானதோரஸ், பாலிதோரஸ் ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. வாத்திக்கனில் உள்ள லாவோகூன் சிற்பத்தைச் செதுக்கியவர்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் பெயர்களும் இவையே.

துண்டுகளை ரோமுக்குக் கொண்டுசெல்ல அதிகாரிகள் முற்பட்டபோது ஊர்மக்கள் திரண்டு வழிமறித்தனர். தம் மண்ணில் கிடைத்தது தம் மண்ணிலேயே இருக்கவேண்டும் என்ற அவர்களின் உறுதி வென்றது. குகைக்கருகிலேயே அருங்காட்சியகம் கட்டப்பட்டு 1963இல் திறக்கப்பட்டது. செல்வமோ அதிகாரமோ இல்லாத மீனவர்களும் உழவர்களும் நிகழ்த்திய இச்செயல் இவ்வூர் வரலாற்றின் மிகப் பெருமைக்குரிய பக்கம்.

இன்றைய ஊர்

புதிய சாலை வழியே விடுமுறைப் பயணிகள் வரத் தொடங்கினர். இன்று சுற்றுலாவே ஊரின் முதன்மைத் தொழில். வேளாண்மையும் தொடர்கிறது: ஃபோந்தியை ஒட்டிய சதுப்பு நிலங்களில் விளையும் வெள்ளை செலரிக்கு 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தாலியின் அழகிய சிற்றூர்கள் சங்கத்திலும் ஸ்பெர்லோங்கா இடம்பெற்றுள்ளது. ரோமிலிருந்து ஃபோந்தி–ஸ்பெர்லோங்கா நிலையம் வரை ரயில்; அங்கிருந்து பேருந்து. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மணற்கரை முழுவதும் குடைகளும் சாய்வு நாற்காலிகளுமாக நிறைந்துவிடும். அமைதியை விரும்புவோருக்கு மே, ஜூன், செப்டம்பர் மாதங்களே ஏற்றவை. வெறும் கடற்குளியலோடு திரும்பிவிடாமல் அருங்காட்சியகத்தையும் குகையையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலைநகரின் காட்சிக்கூடத்தில் பத்தோடு பதினொன்றாக நின்றிருக்கக்கூடிய சிற்பங்களை, அவை நின்ற குகையின் அருகிலேயே பார்க்கும் வாய்ப்பு அவ்வூர் மக்கள் போராடிப் பெற்றுத் தந்தது.