பித்தளை விளக்கும் ஜாவர் மலையும்

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் பித்தளைக் குத்துவிளக்குகள் வரிசையாக நிற்கும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. மதுரைச் சமவெளியில் துத்தநாகச் சுரங்கம் கிடையாது. இந்தியாவில் அந்த உலோகத்தின் கதையைத் தேடிப் போனால், ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குத் தெற்கே, ஆரவல்லி மலையில் உள்ள ஜாவரில் போய் நிற்க வேண்டும்.

அங்கே மோச்சியா, பலாரியா, ஜாவர்மாலா முதலிய குன்றுகளில், டோலமைட் என்னும் சுண்ணாம்பு இனப் பாறைக்குள் ஈயத் தாதுவும் துத்தநாகத் தாதுவும் கலந்து கிடக்கின்றன. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அவற்றைத் தோண்டியிருக்கிறார்கள். பழைய சுரங்கங்களில் கிடைத்த மரத்துண்டுகளே இதற்குச் சான்று. பாறையின் மேல் தீ மூட்டி, அதை விரிசல் விடச் செய்து உடைத்தார்கள்.

தோண்டுவதைவிடப் பெரிய சிக்கல் உருக்குவதில் இருந்தது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். தாதுவிலிருந்து அதைப் பிரிக்க அதைவிட அதிக வெப்பம் வேண்டும். எனவே உலோகம் ஆவியாகவே வெளிவரும். காற்றுப் பட்டால் சாம்பல் போன்ற தூளாகிவிடும். ஜாவர் தொழிலாளர்கள் கத்திரிக்காய் வடிவ மண் குடுவைகளில் தாதுவை அடைத்து, உலையில் தலைகீழாக நிறுத்தினார்கள். ஆவி கீழே இறங்கிக் குளிர்ந்து உலோகமாகச் சேர்ந்தது. ஓர் உலையில் 36 குடுவைகள் இருந்தன. இது சுமார் 800 ஆண்டுகளுக்கு முந்தைய தொழில்நுட்பம். ஐரோப்பாவிலோ, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் சாம்பியன் 1738ஆம் ஆண்டில்தான் துத்தநாகம் காய்ச்சும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் முறையிலும் ஆவி கீழ்நோக்கியே இறக்கப்பட்டது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போரும் பஞ்சமும் வந்து ஜாவர் உலைகள் அணைந்தன. தொழில் தெரிந்தவர்கள் கலைந்து போனார்கள்.

1942ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமானது. அங்கிருந்து வந்த ஈயமும் நின்றது. அப்போது இந்திய நிலவியல் ஆய்வுத்துறை ஜாவரை மறுபடி ஆராய்ந்தது. எங்கே தோண்டுவது என்பதற்குப் பழைய குழிகளும் உடைந்த குடுவைக் குவியல்களுமே வழிகாட்டின. 1966ஆம் ஆண்டில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தொடங்கப்பட்டு ஜாவரை ஏற்றது. 1980களில் நடந்த அகழாய்வில், குடுவைகள் அடுக்கிய நிலையிலேயே பழைய உலைகள் வெளிப்பட்டன.

புதிய நிலவியலாளர்களுக்கு வரைபடமாக உதவியது பழைய தொழிலாளர்களின் உழைப்பே. ஆனால் அவர்களில் ஒருவர் பெயர்கூட வரலாற்றில் இல்லை. சாம்பியன் பெயர் நிலைத்துவிட்டது. ஜாவர்க்காரர்களுக்கு மிஞ்சியவை மண் குடுவைகள் மட்டுமே.